மாமாவின் கடப்பாரை

“மழைத்தண்ணி போக காங்கிரீட் கால்வாய் கட்டுவாங்க, குழாய் போடுவாங்க. செடி நட்டு வரவேற்கறதை இப்பத்தான்மா பார்க்கறேன். தண்ணி என்ன விருந்தாளியா?”

மாமனார் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். நகராட்சியில் வடிகால் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“உங்க கால்வாய் மட்டும் என்னத்தைக் கிழிச்சுது மாமா? போன மழையில நம்ம வீட்டுச் செருப்பெல்லாம் அடுத்த தெருவுல கிடந்துது.”

மருமகளுக்கும் இப்போது அதே நகராட்சியில்தான் வேலை. தற்காலிக வேலை. தங்கள் தெருவோரம் நெடுகப் பள்ளமாகப் பாத்தி வெட்டி, சரளையும் மணலும் போட்டு, நாணல் நட்டிருந்தாள். ஓடிவரும் மழைநீர் பாத்தியில் இறங்கி மண்ணுக்குள் போய்விட வேண்டும். அதுதான் திட்டம்.

கணவன் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். பிழைக்கத் தெரிந்தவன்.

முதல் பெருமழையில் பாத்தி தேறினால் அவளுக்கு வேலை நிரந்தரம். சொதப்பினால் பாத்தியை மூடிவிட்டுக் கால்வாய் கட்டுவார்கள். வெளியூரில் அவளுக்கு வேறு வேலை தயாராக இருக்கிறது. புருஷனும் அவளும் மூட்டை கட்ட வேண்டியதுதான். மேலதிகாரி, மழை பெய்யும்போதே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

மதியம் வானம் கறுத்தது. அவள் அலுவலகத்திலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். தெருமுனை திரும்பியதும் தூக்கிவாரிப் போட்டது.

மாமனார் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, பாத்தியின் ஓரக்கல்லைக் கடப்பாரையால் ணங் ணங்கென்று இடித்துக்கொண்டிருந்தார்!

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயால் மட்டம் தட்டினால் போய்த் தொலையட்டும், கடப்பாரையையுமா தூக்குவார் மனுஷர்? செல்போனில் படம் பிடித்தபடியே கிட்டே போனாள்.

“கையும் களவுமா மாட்டினீங்களா மாமா! என் மேல இவ்வளவு கோபமா?”

“படம் பிடிக்கிற நேரமாம்மா இது? அந்த மண்வெட்டியை எடு!”

“எதுக்கு? மிச்சத்தை நானே இடிக்கவா?”

“முதல்ல கல்லைப் பாரு!”

குனிந்து பார்த்தாள். தெருத்தண்ணீர் பாத்திக்குள் இறங்குவதற்காக ஓரக்கல்லில் அங்கங்கே அவள் இடைவெளி விட்டிருந்தாள். அத்தனையையும் சிமென்ட் வைத்து மொழுமொழுவென்று யாரோ பூசியிருந்தார்கள்.

“சாலை பராமரிக்கிற ஆளுங்க வந்தாங்க. கல்லு உடைஞ்சிருக்குன்னு நினைச்சு, பொறுப்பா அடைச்சிட்டுப் போயிட்டாங்க,” மாமனாருக்கு மூச்சு வாங்கியது. “ஓட்டையைப் பார்த்தா அவங்களுக்குக் கை சும்மா இருக்காது. எல்லாம் நான் பழக்கிவிட்டது!”

அவள் செல்போனைப் பையில் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். மாமனார் இடிக்க இடிக்க அவள் வாரிப் போட்டாள். கடைசி அடைப்பு உடையவும் மழை கொட்டோ கொட்டென்று கொட்டவும் சரியாக இருந்தது.

தண்ணீர் சமர்த்தாகப் பாத்திக்குள் இறங்கியது. மேலதிகாரி குடையோடு வந்தார். தெருவில் கணுக்கால் நனையும் அளவுகூடத் தண்ணீர் நிற்கவில்லை. “தேறிட்டீங்க!” என்று கைகொடுத்துவிட்டுப் போனார்.

அவள் மாமனார் பக்கம் திரும்பினாள்.

“மன்னிச்சிடுங்க மாமா. உங்களுக்கும் என் பாத்தி மேல நம்பிக்கை வந்துடுச்சுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு.”

“யாருக்கு, எனக்கா? இன்னும் நாலு மழை பெய்யட்டும். உன் பாத்தியில தவளைதான் குடும்பம் நடத்தப் போகுது!”

“அப்புறம் எதுக்கு மாமா மூச்சு வாங்க இந்தப் பாடு பட்டீங்க?”

மாமனார் கடப்பாரையில் ஒட்டியிருந்த சிமென்டைச் சுரண்டினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீ வெளியூர் போயிட்டா, நான் தினமும் யார்கூடம்மா சண்டை போடுவேன்?”