மொச்சைப் பாத்தி

தோட்டக்காரர் மறுபடியும் வானத்தை அண்ணாந்து பார்த்தார். மேற்கே ஒரு மேகம் திரண்டிருந்தது.

“என்னய்யா, இன்னைக்காவது வருமா?” மாடியிலிருந்து முதலாளியம்மா கேட்டாள்.

“காத்து கலைச்சிடும் போலிருக்கும்மா.”

“வாயைக் கழுவு! புழுதியில விதைச்ச மொச்சை அப்படியே கெடக்கு. ஒரு மழை விழுந்தாப் போதும், குப்புனு முளைச்சிடும். அன்னைக்கே உன் கூலியும் ஆரம்பம்.”

மழை வரும்வரை வேலையும் இல்லை, கூலியும் இல்லை என்று கோடை பிறந்ததுமே சொன்னவள் அவள்தான். ஆனாலும் அவர் தினமும் வந்து, ஒரு கோழியைக்கூட அண்டவிடாமல் பாத்தியைக் காத்துக்கொண்டிருந்தார்.

“சும்மா சொல்லக்கூடாது, உன்னை மாதிரி விசுவாசி கிடைக்கமாட்டான்!” என்றாள் அவள்.

சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. டிரைவரும் சமையல்காரியும் வாசலில் நின்று கும்மாளம் போட்டார்கள். தோட்டக்காரர் மட்டும் பாத்தி ஓரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“ஒரே வாரத்துல தலை நீட்டிடும் பாரு!” என்று மாடியிலிருந்து உற்சாகமாகக் கத்தினாள் முதலாளியம்மா.

பின்கட்டிலிருந்து நனைந்தபடி ஓடிவந்த தோட்டக்காரரின் மனைவி, அவர் காதோடு கேட்டாள்:

“பேருக்காவது நாலு விதை ஊனி வெச்சியாய்யா?”

“எங்கேர்ந்து ஊனுறது? அம்மா குடுத்த விதைப் பையில இருந்த கடைசிப் பிடியையும், புள்ளைங்க பசி தாங்கலைன்னு நீதானே அவிச்சுப் போட்டே!”