இரண்டாவது பெட்டி

"ஒரு சொட்டு இரத்தத்துக்குள்ள கர்த்தர் எவ்வளவு எழுதி வச்சிருக்கார், பாருங்க!" அந்த இரத்தப் பரிசோதனை வந்த வருடம் என் கணவர் பிரசங்கத்தில் பூரித்துப்போனார். அவர்தான் எங்கள் சபைப் போதகர். அடுத்த வருடம் யார் உயிரோடு இருக்கமாட்டார்கள் என்பது அதில் டிசம்பரிலேயே தெரிந்துவிடும். பெரியவர்கள் ஜெபத்துக்காக அவரிடம் வந்து சொல்வார்கள். பிள்ளைகளின் முடிவை மருத்துவமனை தகப்பனிடம் மட்டும் சொல்லும்.

புதுவருடக் காலை ஆராதனையில் போதகர் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை, வேத வசனம் அச்சடித்தது, எடுத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். போன முறை, நாள் குறிக்கப்பட்ட ஒருவருக்கு நீடித்த ஆயுள் வசனம் வந்தது. அவர் மனைவி அட்டையைக் கிழித்து எறிந்துவிட்டாள். அதனால் இந்த முறை நாள் குறிக்கப்பட்டவர்களுக்கென்று மேசைக்கு அடியில் இரண்டாவது பெட்டி வைத்தோம். அதற்குப் பரலோக வசனங்களை நானே எழுதினேன். பதினோரு பேர் என்றார் கணவர். யார் யாரென்று நான் கேட்கவில்லை. கேட்டால் தூங்கமுடியாது.

வரிசை நகர்ந்தது. எங்கள் ஏழு வயது பெர்சிஸ் கையை நீட்டினாள்.

"அப்பா, எனக்கு நல்லதா குடுங்க."

அவர் மேசைக்கு அடியில் குனிந்தார்.

பெர்சிஸ் அட்டையோடு என்னிடம் ஓடிவந்தாள்.

"அம்மா, எல்லாருக்கும் அச்சடிச்சது. எனக்கு மட்டும் உங்க கையெழுத்து!"