கதர் கட்டினால்தான் பஞ்சு

“முந்தானையை வெளிச்சத்துல நீட்டு, அம்மணி.”

நூல் கொடுக்க வந்த காளியாத்தாள் நீட்டினாள். அரக்குக் கரைக் கதர்; முந்தானையில் நெருப்புப் பொறி விழுந்த ஒரு பொத்தல். கேட்டவர் கெட்ட எண்ணக்காரர் இல்லை. அன்னூர்ப் பக்கம் கதர் நூல் டிப்போவுக்கு மேனேஜர், வரதராஜுலு. தன் நிழலையே நம்பாத மனுஷர்.

ராட்டை சுற்றுகிறவர்கள் தாங்களும் கதர்தான் கட்ட வேண்டும், மில் சேலையோடு வந்தால் பஞ்சும் இல்லை கூலியும் இல்லை என்று புதுச் சட்டம் வந்திருந்தது. அன்றைக்குச் சோதனை. வருகிறவர்கள் எல்லாரும் கதரில் வந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? இவருக்கோ சந்தேகம் தட்டியது. நேற்றுவரைக்கும் மில் சேலை, இன்றைக்கு மட்டும் எங்கிருந்து குதித்தது கதர்?

வெயில் ஏறியது. டிப்போவின் பின்கட்டிலேயேதான் அவர் குடித்தனம். மனைவி பங்காரம்மா கதவிடுக்கில் கையை மட்டும் நீட்டி மோர்ச் செம்பைக் கொடுத்தாள். சந்தேகத்தோடு சேர்த்து மோரையும் குடித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சென்னியம்மாள் நூல் சிட்டங்களோடு வந்தாள். கதர்ச் சேலைதான். அதே அரக்குக் கரை. முந்தானையில் அதே இடத்தில் நெருப்புப் பொறி விழுந்த பொத்தல்.

அடி சக்கை! ஒற்றைச் சேலையை வைத்துக்கொண்டு ஊரே என் கண்ணில் மண்ணைத் தூவுகிறதா? அந்தச் சேலையை எங்கேயோ பார்த்த நினைப்பு வேறு அவரை அரித்தது. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று, வாயைத் திறக்காமல் நூலை வாங்கிக்கொண்டு அவளை அனுப்பினார். பூனை மாதிரி பின்னாலேயே போனார்.

அவள் பக்கத்து மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்து படலைச் சாத்தினாள். உள்ளே வளையல் சத்தம். அடுத்தவள் காத்திருக்கிறாள் போல! பெண்பிள்ளைகள் சேலை மாற்றும் இடத்துக்குள் போக முடியாமல், வெளியே நின்றே கத்தினார்.

“திருட்டுத்தனமா பண்றீங்க? ஆரு சேலை அது?”

“கோவிச்சுக்காதீங்க சாமி!” சென்னியம்மாள் அழுதேவிட்டாள். “கதர் எடுக்க எங்களுக்கு ஏதுங்க வழி? ராட்டை நின்னுபோச்சுன்னா ஊட்டுல அடுப்பும் நின்னுபோகுமுங்க. பாவம், அவங்க எரக்கப்பட்டு எரவல் குடுத்தாங்க.”

“எரக்கமா? குடுத்தவதான் முதல் குத்தவாளி! அந்தச் சேலைக்காரி எவளா இருந்தாலும் செரி, அவ ஊட்டு ஆளு ஒருத்தரும் இனி இந்த டிப்போ வாசப்படி மிதிக்கக் கூடாது. இது சத்தியம்!”

படலுக்கு அந்தப் பக்கமிருந்து சென்னியம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அப்ப நாளைக்கு டிப்போவை ஆருங்க தொறப்பாங்க? இது பங்காரம்மாக்கா சேலைங்க.”