கொப்பியடிக்காத ஒருவன்

நூற்றுக்கு நூறு எடுத்த நுஸ்கி எழுந்து நிற்கத் தயங்கினான். கலாநிதி யோகலிங்கம் விடவில்லை. தோளில் பிடித்துக் கூட்டிவந்து வகுப்புக்கு முன்னால் நிறுத்தினார். காலையில் வாசலிலேயே அவன் ஏதோ சொல்ல வந்ததையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு தட்டிவிட்டிருந்தார்.

"இத்தனை கள்ளருக்கு நடுவில ஒரேயொரு மனுசன்," என்றார்.

உட்துறைமுக வீதியில் ஒரு மாடியில் சனி, ஞாயிறுகளில் நடக்கும் கணினி முதுமாணிப் பட்ட வகுப்பு அது. வருகிற கப்பலை எந்த மேடையில் கட்டுவது என்று தீர்மானிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதுவதுதான் ஒப்படை. அதைப் பற்றி ஆளோடாள் கதைக்கவும் கூடாது என்பது கலாநிதியின் சட்டம்.

திருத்தும் முறையும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்புத்தான். பெயர் பதிந்த ஒவ்வொருவரும் மற்றவர்களோடு எத்தனை வீதம் ஒத்துப்போகிறார் என்று ஒரு மென்பொருள் சொல்லும்; அதை நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவது புள்ளி. உட்கார்ந்து வாசிப்பதெல்லாம் பழங்காலத்து வேலை என்று பெருமை வேறு. இந்த மூளைக்குத்தான் யாரோ கலாநிதிப் பட்டம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

கௌசிகாவுக்கு வயது இருபத்தொன்பது; மற்றவர்களைப் போலவே புள்ளி இருபதைத் தாண்டவில்லை. கப்பல் முகவர் கந்தோரில் வேலை பார்த்துக்கொண்டே, நித்திரையைக் குறைத்து, ஒவ்வொரு வரியையும் தானே எழுதியவள். இந்தப் பாடத்தில் தவறினால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் கந்தோரில் அவளுக்கென்று சொல்லிவைத்த மேலாளர் பதவியும் இல்லை.

"சேர், முக்கால்வாசி புரோகிராம் நீங்கள் தந்தது. அதில கை வைக்கக் கூடாதெண்டும் சொன்னனீங்கள். அது எல்லாரிட்டயும் ஒரே மாதிரித்தானே இருக்கும்?"

வகுப்பே தலையாட்டியது. யோகலிங்கம் சிரித்த சிரிப்பில் இரக்கம் மருந்துக்கும் இல்லை. பிடிபட்டவர்கள் எல்லோரும் சொல்லுகிற சாட்டுத்தான் இது என்றும், கொஞ்சமாவது வெட்கம் இருந்தால் பேசாமல் போய் அடுத்த வருடம் வந்து எழுதும்படியும் சொன்னார். பிறகு நுஸ்கியின் முதுகில் தட்டினார்.

"அப்பிடியெண்டா இவருக்கு எப்பிடிச் சைபர் வீதம் வந்தது? சொல்லும் பாப்பம்."

ஒருவேளை நான்தான் எங்கேயோ பிழைவிட்டு விட்டேனோ என்று கௌசிகாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கண் கலங்கியதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அது அவருக்குப் போதவில்லை. வெண்பலகைப் பேனாவை எடுத்து நுஸ்கியின் கையில் திணித்தார்.

"நீர் என்ன மாதிரிச் செய்தனீரெண்டு இவைக்கு ஒருக்கா விளங்கப்படுத்தும்."

நுஸ்கி கௌசிகாவை ஒருமுறை பார்த்தான்.

"சேர், நான் இன்னும் ஒண்டும் அனுப்பல்ல."