மாமியார் வைத்த நுழைவுத்தேர்வு

“பிள்ளைக்குப் பஸ்ல போனா வாந்தி வருமா?”

வந்து உட்கார்ந்த கையோடு உமாதேவி இப்படிக் கேட்டதும் பெண்ணின் அம்மா அழகுத்தாய் அவசரமாகக் காப்பியை நீட்டினாள். நிச்சயமான பெண்ணைப் பற்றி மாப்பிள்ளையின் அம்மா கேட்கிற கேள்வியா இது!

“ஐயோ மைனி, அப்படி ஒண்ணும் கிடையாது! நேத்துக்கூட கோவில்பட்டிக்குப் போயிட்டு வந்தா. கடைசி சீட்டுல உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டே வந்திருக்கா.”

“அப்ப சரி” என்று உமாதேவி காப்பியை ஆற்ற ஆரம்பித்தார்.

எட்டயபுரத்தில் உரக்கடை வைத்திருக்கும் ராஜமணியின் மகள் சத்யபிரியா, பி.ஏ. வரலாறு முடித்தவள். அடுத்த மாதம் அவளுக்கும் கோவில்பட்டியில் கடை நடத்தும் பாலகணேஷுக்கும் கல்யாணம். இதற்கு நடுவில் திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் தினமும் தீபாவளிதான், வெடிச்சத்தம் ஓயவில்லை.

“ஆன்லைன்ல படிட்டி. அடுப்புல சோறும் வேகும், காதுல பாடமும் ஓடும். சம்பந்தி வீட்டுலயும் முகம் சுளிக்க மாட்டாவ” என்பது ராஜமணி கட்சி.

சத்யபிரியாவோ கொரோனா காலத்தில் பதினொன்றாம் வகுப்பை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்து செல்போனில் படித்தவள். டீச்சர் முகம் தெரிந்தால் குரல் வராது, குரல் வந்தால் முகம் தெரியாது. “எனக்குக் கிளாஸ் ரூம் வேணும், பெஞ்சு வேணும், பக்கத்துல பேச ஆள் வேணும்” என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

பணம் கட்ட மறுநாள் கடைசி. முடிவைச் சம்பந்தியம்மாவே சொல்லட்டும் என்று ராஜமணி போன் போட்டார். உமாதேவி போனில் பதில் சொல்லாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தனியாகவே வந்து இறங்கிவிட்டார்.

கதவோரம் நின்ற சத்யபிரியா காதைத் தீட்டிக்கொண்டாள். பாலகணேஷை அவளுக்குப் பிடிக்கும், ரொம்பவே பிடிக்கும். அவன் அம்மா ‘ஆன்லைன்’ என்று சொல்லிவிட்டால் யாரை விடுவது, எதை விடுவது?

“எழுத்து எப்படி? வேகமா எழுதுவாளா?” அடுத்த கேள்வி விழுந்தது.

“முத்து முத்தா எழுதுவா தங்கச்சி” என்ற ராஜமணி, மனைவியின் காதைக் கடித்தார். “கடைக்கணக்கு எழுத ஆள் பாக்காவ. நான் சொன்னேம்லா, ஆன்லைன்தான்!”

“மத்தியானம் தூங்குற பழக்கம் உண்டா?”

“அந்தப் பேச்சுக்கே இடமில்ல மைனி!” அழகுத்தாய் கூசாமல் அளந்துவிட்டாள். படுத்தால் இடி விழுந்தாலும் எழாத மகள் கதவோரம் நெளிந்தாள்.

“நல்லது. சாப்பிட்டு வந்து உக்காந்ததும் கண்ணு சொக்கும். ரெண்டு பேருல ஒருத்தராவது முழிச்சிருக்கணும்லா.”

“கல்லாவுலதான்” என்று ராஜமணி மறுபடி முணுமுணுத்தார்.

அதற்குமேல் சத்யபிரியாவால் பொறுக்க முடியவில்லை. விடுவிடுவென்று முன்னால் வந்து நின்றாள்.

“அத்தை, கோவிச்சுக்கிடாதீங்க. கடைக்கணக்கு எழுதுதேன், தூங்காமலும் இருக்கேன். ஆனா யூனிவர்சிட்டிக்கு நேர்ல போய்த்தான் படிப்பேன். ஆன்லைன்னு மட்டும் சொன்னீங்கன்னா...” அப்பாவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “இந்தக் கல்யாணத்தையே யோசிக்கணும்.”

ராஜமணி எழுந்தே விட்டார். அழகுத்தாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

உமாதேவி டம்ளரை ணங்கென்று கீழே வைத்தார்.

“கடைக்கணக்கை இங்க யாரு கேட்டா? ஆன்லைன்னு சொன்னா இந்தக் கல்யாணத்தை நானும்லா யோசிக்கணும்! தபால்ல பி.ஏ. படிக்கிறவிய படுத பாட்டை என்ட்ட கேளுங்க அண்ணாச்சி. புஸ்தகம் வீடு தேடி வரும். சந்தேகம் வந்தா யார்ட்ட கேக்க, தபால்காரர்ட்டயா? பிள்ள நேர்ல போய்த்தான் படிக்கணும். ஆமா!”

சத்யபிரியா குதித்த குதியில் சுவர்க் காலண்டர் ஆடியது. அழகுத்தாய் அழுதாளா சிரித்தாளா என்று கேட்டால், இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

ராஜமணிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “அதுக்கில்ல தங்கச்சி. கயத்தாறு தாண்டி, தினமும் அம்புட்டு தூரம், பொம்பளப்பிள்ள தனியா...”

“தனியா ஏன் போறா? எங்க ஊருல இருந்தே துணைக்கு ஆள் இருக்கு. அதே பஸ், அதே கிளாஸ். முந்தாநாளே பீஸும் கட்டியாச்சு.”

“யாரு, மாப்பிள்ளையா?”

“அவனா? பி.காமை முடிக்கவே அவன் பட்ட பாடு எனக்குல்லா தெரியும்! பொம்பளையாள்தான் அண்ணாச்சி. பிள்ளைகூட நல்லாப் பழகும்.”

எந்த வீட்டு ஆள் என்று ராஜமணி கேட்க வாயெடுப்பதற்குள் உமாதேவி எழுந்துவிட்டார். சத்யபிரியாவின் கையைப் பிடித்து அடுக்களைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். பெண் பார்த்த அன்றுகூட அந்த வீட்டில் யாரும் அவர் அளவுக்கு வெட்கப்பட்டதில்லை.

“கிளாஸ்ல மட்டும் என்னைய அத்தைன்னு கூப்பிட்டுறாத, என்ன!”