உறிஞ்சும் சத்தம்

“இன்ஜினுக்குக் காத்து போற அந்தக் குழாயைக் கஸ்டமர் முன்னாடியே கழட்டுங்க சார்.” கார் சர்வீஸ் சென்டரில் சேர்ந்த அன்றே, இதை மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று முத்தழகியிடம் சொல்லிவைத்திருந்தார்கள். அதைத்தான் இப்போது கேட்டாள். மேனேஜர் சுகுமார் சிரித்தார். “டர்போ வண்டின்னா காத்தை இழுக்கும்போது அப்படித்தாம்மா மூச்சு வாங்கும். காலேஜ்ல சொல்லித் தரலையா?” “காலையில உள்ள வரும்போது வாங்கலையே!” டிரைவர் சீட்டில் இருந்தபடியே ஆக்சிலேட்டரை மிதித்தாள். வாயைப் பொத்தியபின்னும் யாரோ கத்துவதுபோல் பானட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. மெக்கானிக் ஆரோக்கியசாமியிடம் திரும்பினாள். “அண்ணே, போல்ட் உள்ள விழாம இருக்கக் குழாய்ல துணி அடைப்பீங்களே, எடுத்தீங்களா?” “எடுத்தாச்சு, எடுத்தாச்சு.” சொல்லும்போதே அவர் கை தோளைத் தடவியது. எப்போதும் அங்கே கிடக்கும் சிவப்புத் துணியைக் காணோம். சுகுமாரும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான், “டெலிவரி கொடுத்துடு, அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்” என்றார். கண்ணாடிக்கு அப்பால் வண்டிக்காரர் குழந்தைக்குப் புது ஸ்வெட்டரை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிருந்து நேரே மலையேறப் போகிறார்களாம். ஏற்றத்தில் இன்ஜின் அந்தத் துணியை உறிஞ்சிக்கொண்டால் வண்டி பாதி வழியில் நின்றுவிடும். “உங்க வீட்டுக்கே நீதான் முதல் இன்ஜினியர். இந்த வேலை போனா என்ன பண்ணுவே?” என்றார் சுகுமார். முத்தழகி வண்டியை அணைத்தாள். சாவியை உருவிக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளி வண்டிக்காரரிடம் நடந்தாள்.