உண்மைவிளம்பி

"மேடம், அவன் ஆம்பள! எத்தன தடவதான் சொல்றது?"

ஜேசுராஜ் கைப்பேசியில் போட்ட கத்தலில் வாசலில் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின.

"கத்தாதீங்க சார், நான் ஒண்ணும் மாத்தல," என்றாள் மறுமுனையில் பூர்ணிமா. இணையத்தில் இருக்கும் ஓவியக் களஞ்சியம் ஒன்றைத் தஞ்சாவூரிலிருந்து பார்த்துக்கொள்பவள். "'உண்மைவிளம்பி'ன்னு ஒரு ஐடி மாத்துது. உங்க படத்துக்கு நீங்க 'ஆண்'னு டேக் போட்டா, அஞ்சே நிமிஷத்துல 'பெண்'னு மாத்திடுது. இன்னிக்கு மட்டும் பதினாலு தடவ!"

கீழ்வேளூரில் அறுவடை மெஷின் ஓட்டும் ஜேசுராஜுக்கு, அறுவடை இல்லாத நாளெல்லாம் படம்தான். அவன் வரைந்த மருதன், ஊருக்காக ஆற்று மடையைக் காவல் காக்கும் வீரன். நீளமான முடி, பெரிய கண், மழமழவென்ற முகம். தஞ்சாவூர் கண்காட்சிக்கான வீரர் படங்களை 'ஆண்' என்று தேடித்தான் எடுக்கப்போகிறார்கள், அதுவும் இன்று மாலை ஐந்து மணிக்கு. அந்த நேரத்தில் 'பெண்' என்று இருந்தால் மருதன் அவர்கள் கண்ணிலேயே பட மாட்டான். இத்தனை வருடத்தில் ஜேசுராஜுக்கு வந்த முதல் வாய்ப்பு இது. மணி இப்போது நாலே முக்கால்.

"பாத்தா பொண்ணு மாதிரிதானே சார் இருக்கு? படத்துல என்ன தெரியுதோ அதத்தான் போடணும். அதான் எங்க ரூல்."

"முடி நீளமா இருந்தா பொண்ணா? வேளாங்கண்ணிக்கு நேந்துகிட்டு முடி வளக்குற ஆம்பளைங்கள வந்து பாருங்க! எடது புருவத்துல ஒரு தழும்பு இருக்குல்ல? மடைச் சண்டையில வெட்டுப்பட்டது மேடம். பொண்ணுக்கு எங்கேருந்து வரும் அது?"

அவன் அழைப்பைத் துண்டித்ததும், மனைவி அருள்மேரி டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"பொண்ணுன்னே இருந்துட்டுப் போகட்டுமேங்க."

"நீ வேற! இங்க மனுசனுக்கு உயிரு போவுது."

"இல்லாதவனையெல்லாம் வரயிறீங்க. கல்யாணமாகி பதினோரு வருசத்துல என்னைய வரையணும்னு ஒரு தடவையாவது தோணியிருக்கா?"

"உன்னைய வரஞ்சா யாரு பாக்குறது?"

அருள்மேரி வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் கைப்பேசியை எடுத்தாள். ஜெபக் குழுவில் ஏதோ வந்திருக்கிறதாம்.

ஜேசுராஜ் மறுபடி 'ஆண்' என்று மாற்றினான். டீ ஆறுவதற்குள் 'பெண்' ஆகிவிட்டது.

"அடப்பாவி! இவன் கை வெளங்காமப் போவ!"

"அய்யய்யோ, அப்படியெல்லாம் சபிக்காதீங்க!" என்று பதறினாள் அருள்மேரி.

மணி ஐந்தாக இரண்டு நிமிடம். பூர்ணிமாவே கூப்பிட்டாள். குரலில் எரிச்சல்.

"என்ன சார், விளையாடுறீங்களா? அந்த ஐடி எங்கேருந்து வருதுன்னு பாத்தேன். நீங்க வர்ற அதே வைஃபைதான். உங்க வீட்டுக்குள்ள இருந்துதான் மாத்துறாங்க! இப்ப அந்த ஐடிய முடக்கிட்டு 'ஆண்'னு போட்டுடட்டுமா? சீக்கிரம் சொல்லுங்க."

ஜேசுராஜ் திரும்பிப் பார்த்தான். அருள்மேரி கைப்பேசியை மறைக்கக்கூட இல்லை.

"பின்ன? பள்ளிக்கூடத்துல பம்ப் கைப்பிடி அடிச்சுக் கிழிஞ்ச என் புருவம், என் கண்ணு, என் மூக்கு... ஒண்ணு விடாம எம்மூஞ்சிய வரஞ்சு வச்சுட்டு, ஆம்பளன்னு ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டா நான் சும்மா இருப்பனா?"

ஜேசுராஜ் படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

"மேடம்," என்றான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது பொண்ணுதான்."